உப்புப் பார்த்த பிள்ளை

"1993 செப்டம்பர் 15, புதன். கிளினிக் நாள். பிள்ளை: போன மாதம் எவ்வளவோ அவ்வளவே. நான்: போன மாதத்தைவிட ஒன்றரைக் கிலோ கூட. நல்ல வெயில். பேப்பர் வரவில்லை."

வாசிகசாலை நாட்காட்டியில் கிழித்த ஒரு தாளின் பின்புறத்தில், என் கையெழுத்தில், இந்தக் குறிப்பு இருக்கிறது. அந்த வருடங்களில் மழை பெய்ததா, பேப்பர் எத்தனை மணிக்கு வந்தது, ஊரில் யார் வந்தார் யார் போனார் என்று தினமும் இரண்டு வரி எழுதி வைப்பேன். யாரும் கேட்டு எழுதியதில்லை. மழை பெய்தால் பஸ் பிந்தும், பஸ் பிந்தினால் பேப்பர் வராது என்று ஒன்றோடொன்றைத் தொடுத்துப் பார்க்கத் தெரிந்த எனக்கு, பிள்ளையின் நிறையையும் என் நிறையையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதியபோது மட்டும் ஒன்றும் தோன்றவில்லை.

கல்முனைக்குத் தெற்கே கடற்கரை ஓரமாக இருக்கும் எங்கள் ஊரின் வாசிகசாலைக்கு நான் அப்போது பொறுப்பாளர். வாசிகசாலை என்றால் பெரிய இடம் என்று நினைக்க வேண்டாம். ஒரு மண்டபம், நான்கு அலுமாரி, ஒரு நீள மேசை, வராத பேப்பருக்கான ஒரு தாங்கி. தாய், பிள்ளை கிளினிக் நடந்த கட்டடத்தில் வேறு ஊர்களிலிருந்து வந்த சில குடும்பங்கள் தங்கியிருந்தன. அதனால் ஒவ்வொரு மாதமும் மூன்றாவது புதன்கிழமை எங்கள் மண்டபம் கிளினிக்காக மாறும். கூரை வளையிலிருந்து கயிற்றில் ஒரு தொங்கு தராசு இறங்கும். பிள்ளைகளைத் துணித்தொட்டிலில் போட்டு அதில் நிறுப்பார்கள். கர்ப்பிணித் தாய்மார் ஏறி நிற்கும் பெரிய தராசைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லாமல் மாதம் முழுக்க எங்கள் அலுமாரிக்குப் பின்னால்தான் வைத்திருந்தார்கள். நான் என் நிறையை அறிந்தது அப்படித்தான்.

நிறுவை முடிந்ததும் வகுப்பு. நடத்துபவர் காரைதீவிலிருந்து சைக்கிளில் வரும் மருத்துவிச்சி. எல்லோருக்கும் அவர் மிஸ். பிள்ளைக்கு என்ன சாப்பாடு, எப்படி மசிப்பது, எத்தனை முறை கொடுப்பது என்பதையெல்லாம் படம் காட்டிச் சொல்வார். படத்தோடு நிற்காமல் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்து ஆக்கியும் காட்டுவார்.

பெண்கள் வகுப்பு நடக்கும்போது ஆண்கள் வரக்கூடாது என்பது முதல் மாதத்திலேயே தீர்மானமானது. அந்தத் தீர்மானத்துக்கு ஒரே ஓர் எதிர்ப்பு இருந்தது. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், தினமும் ஒன்பது மணிக்கு வந்து முதல் நாள் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பவர், எழுந்திருக்க மறுத்துவிட்டார்.

"நான் பேப்பர் பாக்க வந்தவன். ஆருட புள்ளையயும் பாக்க வரல்ல" என்றார்.

மிஸ் அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து இரண்டு வெள்ளைச் சீலைகளை எடுத்து, மண்டபத்தின் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டார். "திரைக்கு அங்கால இரிங்க ஐயா. ஆனா பேச்சு வரப்படாது" என்றார்.

இவ்வாறு திரைக்கு அந்தப் பக்கம் தாய்மாரும், இந்தப் பக்கம் தபாலதிபரும் பொறுப்பாளர் என்ற முறையில் நானும். அவர் பேப்பரைப் பிடித்திருப்பார். பக்கம் திரும்பாது. மூன்று மாதத்தில் நெத்தலியின் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் பிள்ளைக்கு மசிக்க வேண்டும் என்பது முதல், கீரையைக் கடைசியில் போட வேண்டும் என்பது வரை எங்கள் இருவருக்கும் மனப்பாடம். செய்து காட்டிய சோற்றில் பிள்ளைகள் தின்று மீந்த கோப்பையைத் திரைக்கு அடியால் யாராவது எங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். சோறு, பருப்பு, நெத்தலி, பூசணிக்காய், கொஞ்சம் தேங்காய்ப்பால். இருவரும் கரண்டி வைத்துத் தின்போம். நல்ல ருசி. "உப்புத்தான் காணாது" என்பார் தபாலதிபர், ஒவ்வொரு மாதமும்.

இனி எங்கள் வீட்டு விசயம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவான். வீடு மனைவியுடையது. அடுப்பு அவளுடைய உம்மாவுடையது. மாப்பிள்ளைக்கு உரியது பாயும், பாயின் முன்னால் வைக்கப்படும் கோப்பைகளும். என் மாமி அப்போது நாற்பத்தைந்து வயதைத் தாண்டாதவர். கோழி வளர்த்தார், ஆடு வளர்த்தார், வேலிக்கு மேலால் நான்கு வீட்டு வழக்குத் தீர்த்தார். என்னோடு நேருக்கு நேர் அதிகம் கதைக்க மாட்டார், அது மரியாதை. அந்த மரியாதையை முழுக்கச் சோற்றில் காட்டினார். ஆட்டீரல் என்றால் எனக்கு. பாரை மீனில் நடுத்துண்டு எனக்கு. முட்டை எனக்கு. எருமைத் தயிரின் மேலாடை எனக்கு. நல்லதெல்லாம் என் முன்னால் இருக்கும் சிறு கோப்பைகளுக்கு வந்துவிடும். சட்டியில் நிற்பது குழம்பு.

எனக்கும் ஒரு வளர்ப்பு இருந்தது. முன்னால் வைத்த சாப்பாட்டில் மிச்சம் வைக்கக் கூடாது, எந்தப் பருக்கையில் இறைவனின் பரக்கத் இருக்கிறதென்று நமக்குத் தெரியாது என்று என் வாப்பா சொல்லித்தான் வளர்த்தார். அதிலும் மாமியார் வீட்டில் மிச்சம் வைப்பது சமையலைக் குறை சொல்வதற்குச் சமம். ஆகவே நான் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டேன்.

மனைவி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. சம்பளம் இல்லை. இடையில் விடாமல் வந்தவர்களுக்குத்தான் நிரந்தர நியமனம் கிடைக்கும் என்று எல்லோரும் கதைத்தார்கள். அதனால் காய்ச்சல் வந்தாலும் போவாள். எங்கள் மகளுக்கு அப்போது பத்து மாதம். பகலில் பிள்ளை மாமியிடம். கிளினிக்குக்குத் தூக்கி வருவதும், வகுப்பில் இருப்பதும் மாமிதான். வகுப்பில் மாமியைப் போல ஒரு மாணவி கிடையாது. முன் பாயில் உட்காருவார். மிஸ் கேள்வி கேட்டால் முதல் பதில் அவருடையது. திரைக்கு இந்தப் பக்கம் தபாலதிபர் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார், நான் ஏதோ பரிசு வாங்கியது போல.

ஆனாலும் பிள்ளை ஏறவில்லை. நோய் நொடி இல்லை. சிரிக்கும், தவழும், பேப்பரைக் கிழிக்கும். ஆனால் வளர்ச்சி அட்டையில் மிஸ் வைக்கும் புள்ளிகள், மேலே போகிற கோட்டை விட்டுக் கீழே இறங்கி, தரையில் ஊர்கிற எறும்பு வரிசை மாதிரிப் போய்க்கொண்டிருந்தன. செப்டம்பர் 15 அன்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து மிஸ்ஸின் குரல் கேட்டது.

"உம்மா, இன்னும் ரெண்டு மாசம் பாப்பன். நவம்பர்ல இந்தக் கோட்டுக்கு மேல வரல்லயெண்டா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவன். வார்ட்டுல வெச்சுத்தான் பாக்கணும். தாய் கூட நிக்கணும், நீங்க இல்ல."

"எத்தின நாளைக்கி மிஸ்?"

"அது அவங்கதான் சொல்லுவாங்க. கிழமைக் கணக்கா வரலாம்."

அன்று பின்னேரம் மாமி இந்தச் செய்தியை மனைவியிடம் சொன்னபோது அவள் பள்ளிக்கூடச் சீலையைக்கூட மாற்றவில்லை. பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏனும்மா ஏறல்ல? என்னதான் குடுக்கிறீங்க?"

"மிஸ் சொன்னதத்தான் குடுக்கிறன். வேணுமெண்டா மிஸ்ஸிட்டக் கேளு."

"கிழமைக் கணக்கா நான் லீவு போட்டா என்ட பேர வெட்டிருவாங்க. மூணு வருசம் சும்மாவா போனன்?"

"ஆரு வெட்டுற? புள்ளைய ஏத்திக் காட்டுறனா இல்லயா பாரு" என்று மாமி எழுந்து கோழிக்கூட்டுப் பக்கம் போனார்.

அடுத்த நாளிலிருந்து சாப்பாடு கூடியது. ஒரு முட்டை இருந்த இடத்தில் இரண்டு. ஈரலோடு நெத்தலிப் பொரியல். பூசணிக்காய்ப் பால்கறி. தயிர் ஒரு கோப்பை போதாதென்று ஒரு சிறு மண்முட்டி. எல்லாம் எனக்கு முன்னால். மாமி கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நான் முடித்துவிட்டுக் கையை நக்கும்போது ஒரு பெருமூச்சுக் கேட்கும். அதை நான் திருப்தி என்று விளங்கிக்கொண்டேன். அடுத்த நாள் இன்னும் கூட வரும். பிள்ளைக்கும் இதே போலக் கொடுக்கிறார்கள், தாய்வீடு பிள்ளையை ஏற்றுவதென்று ஒரே மூச்சில் நிற்கிறது, அதில் எனக்கும் ஒரு பங்கு வருகிறது என்று நினைத்தேன். ஒக்டோபர் முதல் கிழமையில் பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். அந்தக் குறிப்பும் இருக்கிறது.

ஒக்டோபர் 20, புதன். மாமி முன் பாயில். பிள்ளையை நிறுத்தார்கள். ஓர் அவுன்ஸ்கூட ஏறவில்லை என்பது மிஸ் போன மாத நிறையையே திரும்பவும் வாசித்ததில் திரைக்கு இந்தப் பக்கமே விளங்கியது. வகுப்புத் தொடங்கியதும் மிஸ் படங்களை எடுக்கவில்லை.

"உம்மா, நீங்க ஒரு வகுப்பும் விட்டதில்ல. கேட்டா பதிலும் சொல்றீங்க. புள்ளைக்கு என்ன குடுக்கிறீங்க எண்டு இண்டைக்கி ஒண்டொண்டாச் சொல்லுங்க."

"நீங்க சொன்ன மேலதிக உணவுதான் மிஸ். வேற என்னத்தக் குடுக்கிற?"

மேலதிக உணவு என்பது கிளினிக்கில் கொடுக்கும் துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்திருந்த சொல். தாய்ப்பாலோடு சேர்த்துப் பிள்ளைக்குக் கொடுக்கத் தொடங்கும் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர். மிஸ்ஸும் அதைத்தான் சொல்வார். தாய்மாரும் அதைத்தான் திருப்பிச் சொல்வார்கள்.

"ஓம், அதுல என்னென்ன?"

"முட்ட. ஈரல். நெத்தலி. தயிர். பூசணிக்காய். ஒண்டும் குறையில்ல. நாளும் ஆக்கிறன்."

"நேத்து முட்ட குடுத்தீங்களா?"

"நேத்து மிஞ்சல்ல."

"முந்தநாள்?"

"முந்தநாளும் மிஞ்சல்ல மிஸ்."

"மிஞ்சல்லயெண்டா?"

"மேலதிகமா வந்தாத்தானே மிஸ் குடுக்கலாம்" என்றார் மாமி, ஒரு பாடத்தை ஒழுங்காகப் படித்தவரின் குரலில். "மேலதிகம் எண்டா எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சினதுதானே. மிஞ்சினாக் குடுக்கிறன். மிஞ்சாட்டி சோத்துல குழம்பு ஊத்திப் புள்ளைக்குத் தீத்துறன். பால் இரிக்கி, தேத்தண்ணியில பிஸ்கோத்துத் தோச்சுக் குடுக்கிறன். புள்ள பட்டினியில்ல."



"ஆரு சாப்பிட்டு மிஞ்சணும் உம்மா?"

"மருமகன் சாப்பிட்டு. நானும் இந்தா மிச்சம் வெப்பாரு, அந்தா மிச்சம் வெப்பாரு எண்டு கூட்டிக் கூட்டி ஆக்கிறன். ரெண்டு முட்ட வெச்சன், ரெண்டும் போச்சு. மறுகா மூணு வெச்சன்." மாமி குரலைத் தாழ்த்தினார். ஆனால் மாமியின் தாழ்ந்த குரல் சந்தை வரை கேட்கும். "மாஷா அல்லாஹ், நல்ல வயிறு."

தபாலதிபர் பேப்பரை மெதுவாக இறக்கி, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "தம்பி, மூணு முட்டையா?" என்று கிசுகிசுத்தார்.

திரை அசையவில்லை. ஆனால் அதற்கு அந்தப் பக்கம் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது.

பின் பாயிலிருந்து ஓர் இளம் குரல், "எங்கட ஊட்டயும் அப்பிடித்தான் மிஸ். ஆனா எங்கட மனிசன் மீன் தலைய மட்டும் மிச்சம் வெப்பாரு. தலையில சத்து இரிக்கா?" என்றது. இன்னொருத்தி, "எங்கட மனிசன் கடலுக்குப் போனா மூணு நாளைக்கி வாறல்ல. அந்த மூணு நாளும் எங்கட ஊட்ட எல்லாமே மேலதிகம்தான். அதான் என்ட புள்ள ஏறியிரிக்கி" என்றாள். சிரிப்பு எழுந்தது. மிஸ் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. சிரித்தார் என்று பிறகு மாமி சொன்னார், இல்லை என்று மிஸ் சொன்னார்.

தபாலதிபரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பேச்சு வரக்கூடாது என்ற ஒப்பந்தத்தை அன்றுதான் மீறினார்.

"மேலதிகம் எண்டா மிஞ்சினது இல்ல. அதோட சேத்து இன்னொண்டு எண்டு அர்த்தம்" என்றார் திரையைப் பார்த்து. "மாவட்டக் கச்சேரியில மேலதிக அரசாங்க அதிபர் எண்டு ஒருத்தர் இரிக்காரு. அவரு மிஞ்சிப்போன ஆளா?"

"அவர எனக்குத் தெரியா" என்றார் மாமி. பிறகு அண்ணன் முறை வைத்து, "போஸ்ட்மாஸ்டர் காக்கா, ஒங்கட ஊட்ட ஆரு முதல்ல சாப்பிடுற?"

பேப்பர் திரும்பவும் மேலே போனது.

நான் இதைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. அன்றே வாசிகசாலை அகராதியை எடுத்துப் பார்த்தேன், மாமிக்கு ஏதாவது ஆதாரம் இருக்கலாம் என்று. 'மே'யில் தொடங்கும் பக்கங்களைக் கறையான் முன்பே வாசித்து முடித்திருந்தது.

மிஸ் அந்தச் சொல்லை அன்றோடு விட்டார். "இனிமே மேலதிகம் இல்ல. புள்ளைட சோறு. அவ்வளவுதான். ஆரும் கைவெக்க முதல் புள்ளைட சோத்த எடுத்து வெக்கணும்" என்றார்.

"மருமகனுக்கு முதலா?" என்றார் மாமி. உண்மையான பிரச்சினை அங்கேதான் இருந்தது. சொல் விளங்கிவிட்டது. வரிசை விளங்கவில்லை. "அது எப்பிடி மிஸ்? மாப்பிளைக்கி மிச்சச் சோறா போடுற? சனம் என்ன சொல்லும்?"

மிஸ்ஸிடம் அதற்குப் படம் இல்லை.

அன்று பகல் நான் வீட்டுக்குப் போனபோது வழமை போலப் பாய் விரித்திருந்தது. வழமை போல மூன்று முட்டை. நான் இரண்டை ஒதுக்கினேன். ஈரலில் பாதியை ஒதுக்கினேன். தயிரைத் தொடவில்லை. கை கழுவி எழுந்தேன். பிள்ளைக்கு வழி திறந்துவிட்டோம் என்ற நிம்மதியோடு வாசிகசாலைக்குத் திரும்பினேன். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் மாமி அழுத முகத்தோடு முற்றத்தில். மனைவியின் பெரியவாப்பா, அதாவது அவள் வாப்பாவின் அண்ணன், நாற்காலியில்.

"என்ன மருமகன், ஏதும் மனக்கசப்பா?" என்றார் அவர். "சாப்பாட்டப் பாதியில உட்டுட்டு எழும்பிட்டீங்களாமே. என்ன குறையெண்டாலும் சொல்லுங்க, கதைச்சுத் தீப்பம்."

நான் ஒதுக்கிய முட்டைகள் பிள்ளைக்குப் போகவில்லை. மருமகன் கோபித்து வைத்த சாப்பாடு என்று, யாரும் தொடாமல், மூடியபடி சாட்சிப் பொருளாக இருந்தது. குறை ஒன்றும் இல்லை, வயிறு நிறைந்தது என்று நான் மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் அது குறையை மறைக்கிறவன் சொல்வது போலவே இருந்தது. பெரியவாப்பா தேத்தண்ணி குடித்துவிட்டு, அரைகுறை நம்பிக்கையோடு போனார்.

அவர் போன பிறகு மனைவி அடுக்களைக்குள் போய்த் தாயின் பக்கத்தில் குந்தினாள். நான் வாசலில் நின்றேன்.

"உம்மா, கறிய இறக்க முதல் நீங்க என்ன செய்வீங்க?"

"என்ன செய்ற? உப்புப் பாப்பன்."

"உப்புப் பாக்கிறது சாப்பிடுறதா?"

"உப்புப் பாக்கிறது எப்பிடிச் சாப்பாடாகும்? அது ஆக்கிற ஆள்ட வேல."

"ஒங்களுக்கு வயசாகுது. நாக்குச் சரியில்ல. நாளையிலருந்து இவள் உப்புப் பாக்கட்டும்."

மாமி பேத்தியைப் பார்த்தார். பிள்ளை ஓர் அகப்பையைச் சப்பிக்கொண்டிருந்தது. மார்க்கத்துக்கும் ஊருக்கும் மாப்பிள்ளை மரியாதைக்கும் இதில் எங்காவது இடிக்கிறதா என்று பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"எந்தக் கறிக்கி?" என்றார்.

"எல்லாக் கறிக்கும்."

"அவிச்ச முட்டைக்கும் உப்புப் பாக்கணும்" என்றார் மாமி.

அடுத்த நாளிலிருந்து பிள்ளை எங்கள் வீட்டின் உப்புப் பார்க்கும் அதிகாரி. அடுப்பிலிருந்து இறக்கியதும், என் கோப்பைகளில் ஒன்றும் விழ முன்னர், பிள்ளையின் சிறு பீங்கானில் ஈரல் மசித்து விழும். நெத்தலி விழும். ஒரு முழு முட்டையில் உப்புப் பார்க்கும். தயிரில் உப்பே கிடையாது, அதிலும் பார்க்கும். யாராவது அந்த நேரத்தில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தால் மாமி, "புள்ள உப்புப் பாக்குதுகா" என்பார். எட்டிப் பார்த்தவள் தலையாட்டிவிட்டுப் போய்த் தன் வீட்டிலும் அதையே தொடங்குவாள். பத்து நாளில் எங்கள் ஒழுங்கையில், இரு பக்கத்து வீடுகளிலும், பிள்ளைகள் எல்லாம் உப்புப் பார்த்தன. கடைக்குப் போகிற வழியில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி, "உப்புப் பாத்தாச்சா?" என்று கேட்டார்கள்.

இதில் ஒரு விளைவை யாரும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளையின் சாப்பாட்டில் உப்புக் குறைய வேண்டும் என்று மிஸ் முன்பே சொல்லியிருந்தார். எனவே மாமி உப்புக் குறைத்து ஆக்கினார். பிள்ளை தின்று சிரித்தது. பிறகு எனக்கு வைக்கும்போது உப்புக் கூட்டலாம்தானே என்றால், மாமிக்கு அது நேர்மையாகப் படவில்லை. "புள்ள பாத்திட்டுச் சரியெண்டிரிச்சு" என்று மனைவியிடம் சொன்னாராம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏற்கெனவே ஒரு தரம் பெரியவாப்பா வந்து போயிருந்தார். வாசிகசாலையிலும் எனக்கு ஆறுதல் இல்லை. "மூணு முட்டை வந்தாச்சா, பேப்பர் வந்தாச்சா?" என்று பேப்பர் பார்க்க வருகிறவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு விழுந்த அந்தப் பட்டப்பெயர் வெளியே போன வழி திரைக்கு இந்தப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும். இந்தப் பக்கம் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருவர் நான்.

நவம்பர் 17, புதன். காலையிலிருந்து மழை. பேப்பர் வராது என்று தெரிந்தும் தபாலதிபர் குடையோடு வந்து, முந்தின கிழமைப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி பள்ளிக்கூடம் போக முன்னர் பிள்ளையை இரண்டு தரம் முத்தமிட்டாள். தன் பெட்டியில் இருந்த நல்ல சீலைகளில் இரண்டை மடித்து ஒரு பையில் வைத்திருந்ததை நான் கண்டேன். வார்ட்டுக்கு.

மாமிக்கு வேறு பயம். மிஸ் நிறையைச் சத்தமாக வாசிப்பார். இவ்வளவு பெண்களுக்கு நடுவில் ஒரு பிள்ளை ஏறியிருக்கிறது என்று சத்தமாகச் சொன்னால் கண்ணூறு படாமல் என்ன செய்யும்? ஆகவே அன்று பிள்ளைக்குக் கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு, பழைய சட்டை, தலையில் எண்ணெய் வடிய வடிய. திரை விலகிய ஒரு கணம் பார்த்தேன். அவ்வளவு அலங்கோலமாக என் பிள்ளையை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

தராசின் கொக்கி கிறீச்சிட்டது. பிள்ளை அழுதது. எங்கள் பக்கம் பேப்பர் அசையவில்லை.

"கோட்டுக்கு மேல" என்றார் மிஸ். பிறகு இன்னொரு தரம், மெதுவாக, "உம்மா, பாருங்க. இது கோடு. இது புள்ளி. மேல."

மண்டபத்தில் யாரும் ஒன்றும் பாராட்டிச் சொல்லவில்லை. பாராட்டினால் அது கண்ணூறு. கொஞ்ச நேரம் கழித்துப் பின் பாயிலிருந்து அந்த மீன் தலைக்காரி, "புள்ள கறுத்துப்போச்சு" என்றாள். "ஓம், மெலிஞ்சும் போச்சு" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய வாழ்த்து கிடையாது. மாமி, "ஓம்கா, ஒண்டும் தின்னுறல்ல" என்று மூக்கைச் சிந்தினார்.

கடிதம் எழுதப்படவில்லை. நான் எழும்ப முதல் தபாலதிபர் எழுந்து குடையை எடுத்தார். "நீ வாசிகசாலைய உட்டுட்டு வரப்படாது. நான் போறன்" என்றார். அந்த மழையில் பள்ளிக்கூடம் வரை நடந்து, வேலி ஓரமாக நின்று, மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த என் மனைவியைக் கூப்பிட்டு, "கடிதம் இல்ல மகள். நீ படிப்பி" என்றாராம். இது மனைவி சொன்னது. தான் அப்படிச் சொல்லவில்லை, நிறை கூடிய விசயத்தை மட்டும் அறிவித்ததாகத் தபாலதிபர் சொன்னார். வாழ்நாளில் எத்தனையோ தந்தி சேர்த்தவர், கூடுதல் சொல் போட்டிருக்க மாட்டார் என்றும் நினைக்கலாம். மனைவி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வகுப்புக்குத் திரும்பினாள் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அன்று பின்னேரம் மனைவி பிள்ளையைக் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றியபோது இடுப்பில் ஒரு வெள்ளிக் கொடி இருந்தது. தடித்த, பழைய காலத்து அரைஞாண் கொடி. நடுவில் ஓர் அரைமூடி, அதோடு கோத்த ஒரு தாயத்துக் கூடு.

"இத எப்ப உம்மா போட்டீங்க?"

"காலையில. கண்ணூறுக்கு."

"நிறுக்கக்குள்ளயும் கிடந்ததா?"

மாமி சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "கழட்டினன் போல" என்றார்.

"போலயா?"

"கழட்டியிரிப்பன். மழ, சனம், புள்ள கத்துது. ஆரு நினப்பு வெச்சிரிக்கிற?" என்றார். பிறகு சட்டியைக் கவிழ்த்துவிட்டு, "கிடந்தா என்ன, கிடக்காட்டி என்ன? புள்ள ஏறினது ஏறினதுதான்" என்றார்.

மிஸ்ஸிடம் கேட்டேன். உடுப்பைக் களைந்துதான் நிறுப்பது வழமை என்றும், அன்று குளிராக இருந்ததால் சில பிள்ளைகளைச் சட்டையோடு நிறுத்துச் சட்டைக்கு ஒரு கணக்குக் கழித்ததாகவும், எங்கள் பிள்ளை எந்த வகை என்று நினைவில்லை என்றும் சொன்னார். தபாலதிபரிடம் கேட்டேன். தான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். டிசம்பர் கிளினிக்குக்குப் பள்ளிக்கூட விடுமுறையாதலால் மனைவியே தூக்கிப் போனாள். அப்போது பிள்ளையின் உடம்பில் ஒரு நூல்கூட இல்லை, புள்ளி கோட்டுக்கு மேலே நல்ல உயரத்தில் விழுந்தது. அதை அவளே தன் கண்ணால் கண்டாள். அதற்குப் பிறகு அது இறங்கவும் இல்லை. நான் மட்டும் அந்த மாதம் இரண்டு கிலோ இறங்கினேன்.

ஆகவே கேள்வி நவம்பர் மாதத்தைப் பற்றியது மட்டும். கோட்டுக்கும் புள்ளிக்கும் இடையில் அன்று இருந்த தூரம் மிகச் சிறியது. கொடியின் நிறை தெரிந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று எண்ணினேன். அதற்குள் மாமி கொடியை அக்கரைப்பற்றில் இருந்த தன் தங்கையின் பேரனுக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பிள்ளையும் அப்போது கோட்டுக்குக் கீழேயாம். அங்கிருந்து அது யாருடைய இடுப்புக்குப் போனது என்பதை இரண்டு முறை விசாரித்தும் அறிய முடியவில்லை.

1993 நவம்பர் 17ஆம் திகதி நிறுக்கும்போது பிள்ளையின் இடுப்பில் வெள்ளிக் கொடி இருந்ததா என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.